ஆடியில் லினக்ஸுக்கு மாறினேன். என் தமிழ் மாறத் தை வரை ஆனது

ஒருவர் கேட்டிருப்பது இது: "15 வருடமாக விண்டோஸில் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தரும்) வேலை பார்க்கிறேன். லினக்ஸுக்கு மாறலாமா? எந்த லினக்ஸ் நல்லது? பிரிண்டர் வேலை செய்யுமா?"

மாறலாமுங்க. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் இலவச இயங்குதளம். அதற்கு நான் மாறிவிட்டேன். ஆனால் உங்களை உண்மையில் தடுக்கப் போகிற விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை. உங்கள் பழைய ஃபைல்களுக்குள் தமிழ் எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பதுதான் அது.

கோபிசெட்டிபாளையத்தில் 2003இலிருந்து கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பாரியூர், பண்ணாரி கோயில்களின் குண்டம் (தீமிதி) திருவிழாவுக்கு நோட்டீஸ், பதினாறாம் நாள் காரிய அட்டை, இவைதான் வேலை. விண்டோஸ் 98, எக்ஸ்பி, 7, 10 என்று வரிசையாகப் பார்த்தாயிற்று. இப்போதைய மெஷின் 2014இல், எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த வருடம் வாங்கியது. அதில் இருப்பது இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர். விண்டோஸ் 10 ஆதரவுக்கு 2025 அக்டோபர் 14 கடைசித் தேதி என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஒரு பழுதும் இல்லாத மெஷினைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

மாற்றுவதற்கு ஆடியைத் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வேலை வராது, கடை ஓய்வாக இருக்கும். 2024 ஆடியில்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வந்திருந்தது. 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு. அண்ணன் மகன் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தான். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். நீங்களும் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். வைஃபையும் ஸ்கேனரும் உடனே எடுத்துக்கொண்டன. பழைய லேசர் பிரிண்டர் மட்டும் அசையவில்லை. டிரைவர் தேடிப் பிடித்து ஓட வைக்க மூன்று நாள் ஆனது.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் ஏற்றினால் போதும். நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். அந்தப் பழைய டைப்ரைட்டர் அமைப்பே எம்17என்னில் இருக்கிறது, விரலை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் நான் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைப் பழகினேன். க இரண்டு முறை அடித்தால் க்க, ந அடித்துத் த அடித்தால் ந்த. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் கை தடுமாறியது. இப்போது முன்பைவிட வேகமாக அடிக்கிறேன்.

இனி அந்தப் பழைய ஃபைல் சங்கதி. எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பத்திரிகையை ஒரு முறை அடித்தால் அந்த வீடு நம்முடையது. "ஏனுங்ணா, பெரியவன் கல்யாணத்துக்கு அடிச்சீங்கல்ல, அதையே வெச்சு சின்னவனுக்கும் போட்டுருங்க" என்று வந்து நிற்பார்கள். தாய்மாமன் பெயர், பங்காளிகள் பெயர், குலதெய்வம், மண்டபம் எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். 21 வருடத்தில் அப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. அத்தனையும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில், பாதி பாமினி எழுத்துருவில், மீதி வேறு வேறு எழுத்துருக்களில்.

பாமினியில் அடித்தது தமிழாகத் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் இத்தனை வருடம் தமிழே எழுதவில்லை. இதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு, தமிழ் எழுத்துக்கே தனிக் குறியெண் தரும் முறை) தரமாக அறிவித்தது. மாநாடு நடந்தது நம் கோயமுத்தூரில். அன்றைக்கே நான் மாறியிருக்க வேண்டும்.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பாமினியில் 'கோபி' என்று அடிக்க இரட்டைக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். ஒருங்குறியில் க முதலில் வந்து, ஓகாரக் குறி பின்னால் சேர வேண்டும். சரியில்லாத மாற்றியில் கொம்பு தனியாக, க தனியாக நிற்கும். ஒரு பெரிய மனுசர் பெயர் அப்படி அச்சாகிவிட்டால் நம்மால் பதில் சொல்ல முடியாது. அண்ணன் மகன் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினான். "சித்தப்பா, எழுத்தை நான் மாத்திடறேன், பேரையெல்லாம் நீங்கதான் படிச்சுப் பாக்கோணும்" என்றான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். பக்க அமைப்பு வராது, எழுத்து மட்டும்தான் வரும். அது போதும்.

பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள். பழைய 1.4 பதிப்பு தமிழுக்கு ஆகாது, எழுத்து உடைந்து நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காகச் சேர்கிறது, ஆஃப்செட்டுக்கு வேண்டிய நாலு வண்ணப் பிரிப்பும் உண்டு. படம், பார்டர் வரைய இங்க்ஸ்கேப். எழுத்துருவுக்கு நோட்டோ, தலைப்புக்குக் கவிவனார், பாலூ தம்பி; மூன்றும் இலவசம், உரிமப் பிரச்சினை இல்லை. விண்டோஸில் வரைய உதவும் கோரல்டிராவில் கை ஊறியவர்களுக்கு இது கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆடிட்டர் அதில்தான் கேட்கிறார் என்பதால் கணக்கு வீட்டு லேப்டாப்புக்குப் போய்விட்டது. பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்கவில்லை; பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்க வேண்டி வந்தால் இன்டர்நெட் இல்லாத வேறொரு மெஷினில் மாட்டிக்கொள்கிறேன். நீங்களும் அழிக்காதீர்கள்.

போன தையில் நம்பியூர்ப் பக்கமிருந்து ஒரு பொண்ணு வந்தது. அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை இங்கேதான் அடித்தது, வருடம் சரியாகத் தெரியாது, 2005 வாக்கில் இருக்கும் என்றது. முன்பென்றால் வருட வாரியாக ஒவ்வொரு ஃபைலாகத் திறந்திருப்பேன். அன்றைக்கு அது சொன்ன ஊர்ப் பெயரையும் தாத்தா பெயரையும் தமிழிலேயே தேடலில் அடித்தேன். நாலு ஃபைல் வந்தது. மூன்றாவது அவங்க வீட்டுது.