விண்கலத்துக்குப் பாய்மரம் வேண்டுமா?

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதவிருக்கும் அறிபுனைத் தொடருக்கான விண்கல ஓவியங்களைப் பார்த்தோம். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் எங்களுக்குள் இப்போது இதே பேச்சுத்தான். எனக்கு ஏமாற்றம். நடுவில் நீண்ட கம்பிச் சட்டம், இரு பக்கமும் பெரிய தட்டுகள், முனையில் சுழலும் இரண்டு கூடுகள். அழகும் இல்லை, வேகமாகப் போகும் தோற்றமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறீர்கள், வல்வெட்டித்துறையின் அன்னபூரணிக் கப்பலைப் போலப் பாய்மரங்களோடு ஒரு கலத்தை வரையச் சொல்லியிருக்கலாமே? நம்முடையது என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், கரவெட்டி

அன்புள்ள தம்பி,

தொடரின் முதல் வரி வெளிவரும் முன்பே கலத்துக்காகச் சண்டை பிடிக்கிறீர்கள். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. கதைமாந்தர் யாரென்று தெரியாதபோது வாசகருக்குக் கிடைத்திருப்பது கலம் ஒன்றுதானே. 2016 ஜூலையில் ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ என்ற அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் கலத்தை முன்னோட்டமாகக் காட்டியபோதும் இதுவே நடந்தது. 1970களில் எடுக்கப்படாமல் போன ஒரு ஸ்டார் ட்ரெக் படத்துக்காக ஓவியர் ரால்ஃப் மக்குவாரி வரைந்த வடிவத்தை ஒட்டிய கலம் அது. தொடர் ஒளிபரப்பாக ஓராண்டுக்கு மேல் இருந்தது. ரசிகர்கள் அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1966இல் தொடங்கிய முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் கலத்தை வடிவமைத்த மாட் ஜெஃப்ரிஸ், இயந்திரங்களை உடலிலிருந்து விலக்கித் தாங்கிகளின் மேல் வைத்தார். அத்தனை ஆற்றல் ஆட்களுக்கு அருகே இருப்பது ஆபத்து என்று எண்ணினார். அப்படிக் காரணத்தோடு பிறந்த வடிவத்தில் கைவைத்தால் மக்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

இனி நமது கலம். காற்றே இல்லாத இடத்தில் கூர்மூக்கு எதற்கு? உங்களுக்குப் பிடிக்காத அந்தத் தட்டுகள்தான் என் கதையின் உயிர். விண்வெளி என்றதும் குளிரை நினைக்கிறோம். கலத்துக்குத் தொல்லை தருவதோ பெரும்பாலும் வெப்பம். சுற்றிலும் காற்றோ நீரோ இல்லாததால், உள்ளே உண்டாகும் வெப்பம் கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் அமோனியாவைக் குழாய்களில் ஓடவிட்டு, அகன்ற தட்டுகளுக்கு வெப்பத்தைக் கொண்டுபோய் வெளியேற்றுகிறது. அணு உலை சுமக்கும் கலத்துக்கு அதைவிடப் பல மடங்கு பரப்பு வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தட்டு கிழியும்போது எல்லோரும் ஏன் உலையை அணைக்க ஓடுகிறார்கள் என்பது, படத்தைப் பார்த்தவருக்குச் சொல்லாமலே புரிய வேண்டும்.

கூடுகளின் கணக்கு உங்களுக்கே தெரியும். உள்ளே இருப்பவர்கள் அந்தச் சுழற்சியை எடைபோல உணர்வார்கள். நிமிடத்துக்கு இரண்டு சுற்றில் பூமியின் ஈர்ப்புக்குச் சமமாக அதை உணர, ஆரம் ஏறத்தாழ 224 மீட்டர் வேண்டும். சட்டம் நீண்டது அதனால்தான்.

அன்னபூரணி 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கப்பல். அதன் பாய்களை இந்தக் கலத்தின்மேல் ஒட்டவைக்க எனக்கு மனம் வரவில்லை. கப்பல் கட்டிய நம் ஓடாவிகள் அழகுக்காகப் பாய்மரம் நட்டவர்கள் அல்லர். காற்றையும் சரக்கையும் கடலையும் கணக்கிட்டு நட்டார்கள். பயனில்லாத பாயைக் கட்டிவிட்டு நம்முடையது என்று சொன்னால், அவர்களுடைய அறிவை வெறும் அலங்காரமாக்கிவிடுவோம். அவர்களைப் போலக் கணக்கிட்டுக் கட்டிய கலம் என்பதால்தான் இதை நம்முடையது என்கிறேன்.

ஆனாலும் பாயை நான் முற்றாகக் கைவிடவில்லை. 2010இல் ஜப்பானின் இக்காரோஸ் விண்கலம், 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயை விண்வெளியில் விரித்துச் சூரிய ஒளியின் அழுத்தத்தால் நகர்ந்தது. அந்தப் பாயின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பூமியின் தூரத்தில், ஒளியை நன்றாகத் தெறிக்கும் ஒரு சதுர கிலோமீட்டர் பாய்க்குக் கிடைக்கும் விசை ஏறத்தாழ 9 நியூட்டன். ஆட்களையும் உலையையும் சுமக்கும் கலத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆளில்லாத சிறிய தூதுக்கலத்துக்குப் போதும். அப்படியொன்றைத் தொடரில் சேர்க்க விரும்புகிறேன். இருபது கிலோ நிறையுள்ள கலம் செவ்வாய்வரை போக எவ்வளவு பெரிய பாய் வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களும் நண்பர்களும் கணக்கிட்டு அனுப்புங்கள். ஓவியரிடம் அந்த அளவையே கொடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா