தியானத்தில் ஆனந்தம் வருகிறது, எழுந்தால் ஆத்திரம் வருகிறது

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 51. ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊர். கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார், மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தூக்கம் வராமல் தவித்த காலத்தில் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் மூச்சைக் கவனிக்கும் தியானம் பழகினேன், பல வருடம் ஆகிவிட்டது. ரொம்ப நாள் முட்டி வலியும் கொட்டாவியும்தான். போன வருடத்திலிருந்து எல்லாமே வேறு மாதிரி. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெலிந்துவிடுகிறது. நெஞ்சுக்குழியில் இனிப்பாக ஏதோ தொடங்கி உடம்பெல்லாம் பரவுகிறது, மூடிய கண்ணுக்குள் வெளிறிய நீல ஒளி தெரிகிறது, கண்ணீர் தானாக வழிகிறது. இந்தச் சுகத்தை நான் வாழ்க்கையில் வேறு எதிலும் கண்டதில்லை.

ஆனால் "ஆஹா, வந்துவிட்டது" என்று நினைத்த உடனே அது கலைந்துவிடுகிறது. மீதி நேரம் முழுக்க அதைத் தேடுவதிலேயே போகிறது. நேற்று எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன், ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று மனசு கணக்குப் போடுகிறது. இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாமியாருக்கு 84 வயது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறார். எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். விடியற்காலையில் அந்த இனிமை பரவுகிற நேரத்தில் டம்ளர் சத்தம் கேட்டால் எனக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே! எழுந்து போய்த் தண்ணீர் கொடுப்பேன், ஆனால் டம்ளரை வைக்கிற வேகத்திலேயே அவருக்குப் புரிந்துவிடும், முகம் சுருங்கிப் போகும். தியானம் தெரியாத காலத்தில்கூட அவரிடம் நான் இப்படி நடந்துகொண்டதில்லை.

கூடப் பயிற்சி செய்கிறவர்கள் "உங்களுக்குப் பெரிய நிலை கிடைத்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்" என்கிறார்கள். இப்போது மூன்றரை மணிக்கே எழுந்து இரண்டு மணி நேரம் உட்கார்கிறேன், மத்தியானமும் உட்கார்கிறேன். பேசாமல் ஏதாவது ஆசிரமத்தில் போய் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நான் முன்னேறுகிறேனா, பின்னால் போகிறேனா? ஆனந்தம் வருவதே தப்பா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ஆனந்தம் வருவது தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு "அதெல்லாம் மாயை, தள்ளிவிடுங்கள்" என்று சொல்லப் பலர் வருவார்கள். நல்ல பயிற்சியில், மனம் ஒரே இடத்தில் நிலைக்கும்போது, இப்படிப்பட்ட சுகம் வருவது இயல்பு. நீங்கள் சொல்கிற ஒளி, உடம்பெங்கும் பரவும் இன்பம், கண்ணீர் எல்லாம் இந்த வழியில் போனவர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாக எழுதி வைத்திருப்பவைதான்.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலில், பயிற்சி முதிரும்போது வரும் பத்துத் தடைகளைச் சொல்கிறார். ஒளி, ஞானம், பரவசம், அமைதி, சுகம் என்று பட்டியல் போகும். பத்தாவதாக இருப்பது, இவற்றின் மேல் வருகிற மெல்லிய பற்று. அந்த ஒளியோ சுகமோ தீயவை அல்ல, அழுக்கு ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பதால்தான் அவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தன்னளவிலேயே அழுக்காக இருப்பது பத்தாவது மட்டும்தான் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். வேதாந்தத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. சதானந்தரின் வேதாந்தசாரம் சொல்லும் நான்கு தடைகளில் தூக்கத்தில் விழுவது ஒன்று, மனம் சிதறுவது ஒன்று, பழைய ஆசைகளில் உறைந்து நிற்பது ஒன்று, கடைசியில் ரசாஸ்வாதம், அதாவது அந்தச் சுகத்தையே ருசித்துக்கொண்டு நின்றுவிடுவது. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே கௌடபாதரும் மாண்டூக்ய காரிகையில், அங்கே சுகத்தைச் சுவைத்துக்கொண்டு இருக்காதே என்று சொல்லிவிட்டார். ஆக, நீங்கள் வந்து நிற்கிற இடம் புதிதல்ல. நன்றாகப் பயிற்சி செய்கிறவர்கள்தான் இங்கே வந்து மாட்டுவார்கள்.

நீங்கள் இரண்டாகச் சொன்னதை நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். சுகம் கலைந்ததும் தேடுகிற மனமும், டம்ளர் சத்தத்தில் பொங்குகிற மனமும் ஒன்றே. "இது எனக்கு வேண்டும், போகக் கூடாது" என்கிற பிடிதான் இரண்டிலும் இருக்கிறது. மூளையைப் படிப்பவர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1990களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்கு ஒரு சைகைக்குப் பிறகு பழரசம் கொடுத்துப் பழக்கினார். பழகியபின் சைகை வந்தும் ரசம் வராதபோது, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களின் துடிப்பு சும்மா இருக்கும் நிலையைவிடக் கீழே இறங்கியது. எதிர்பார்த்தது வராமல் போனால் மூளைக்கு அது வெறும் "இல்லை" ஆகாது, நஷ்டமாகவே பதிவாகிறது. உங்களுக்கு அந்த ஆசனமும் விடியற்காலையுமே சைகை ஆகிவிட்டன என்றுதான் நினைக்கிறேன். வேண்டும் என்று உட்கார்ந்த பிறகு வராத ஒவ்வொரு நிமிடமும் பறிபோன நிமிடமாகத் தெரியும். பாவம், அந்த நேரத்தில் டம்ளரைத் தட்டுகிறவர் திருடர் ஆகிவிடுகிறார்.

பழகும் முறையில் சில மாற்றங்கள் செய்து பாருங்கள். அலாரம் வைத்து நாற்பது நிமிடம் மட்டும் உட்காருங்கள், சுகம் நிறைந்திருந்தாலும் மணி அடித்தால் எழுந்துவிடுங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும். சுகம் வரும்போது அதைத் தள்ளவும் வேண்டாம், அதற்குள் இறங்கவும் வேண்டாம். தாடையிலோ நெற்றியிலோ தொண்டையிலோ ஒரு சின்ன இறுக்கம் இருக்கும், "இரு, போகாதே" என்கிற இறுக்கம். அதைக் கண்டுபிடித்துத் தளர்த்திவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். சுகம் தங்கினால் தங்கட்டும். இன்னொன்று, இன்று வந்ததா வரவில்லையா என்று கூடப் பழகுகிறவர்களிடம் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பாராட்டுகிறார்கள், ஆனால் அந்தப் பாராட்டு பிடியை இன்னும் இறுக்கும்.

இதற்கு மேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். கடிதத்தில் "எல்லாம் நான்தான் பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே கடந்துபோய்விட்டீர்கள். கட்டிலில் கிடக்கும் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, ராத்திரி எழுந்து பார்க்கிற வேலையை ஒருவரே வருடக்கணக்கில் செய்தால் உடம்பும் மனசும் நொந்துபோகும். அந்த நாளில் உங்களுக்கென்று இருப்பது தியான நேரம் ஒன்றுதான். அதனால்தான் அந்தச் சுகத்தை இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தில் ஒரு பாதி பற்று, மறுபாதி நியாயமான களைப்பு. தியானத்தால் அந்தக் களைப்பைக் கொஞ்ச நேரம் மறக்க முடியும், அவ்வளவுதான். ரமணர் உபதேச உந்தியாரில் மனம் லயித்துக் கிடப்பதையும் நாசமாவதையும் பிரித்துச் சொல்வார், லயித்த மனம் திரும்ப எழும். உங்கள் மனக்குறையும் அப்படித்தான், கண் திறந்ததும் விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. வாழ்க்கையில் பேசித் தீர்க்க வேண்டியதை ஆன்மிகத்தால் தாண்டிப் போகிற இந்தப் பழக்கத்துக்கு ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே தனியாகப் பெயர் வைத்திருக்கிறார், அந்த அளவுக்கு நல்ல சாதகர்களிடமே இது சகஜம்.

அதனால் ஆசிரம யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கணவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், அவருக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களிடமும். விடியற்காலை அந்த ஒரு மணி நேரம் அவர் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும். தறி ஓட்டப் போகிறவருக்கு அது முடியாத காரியம் அல்ல. வாரத்தில் சில நாளாவது கூலிக்கு ஆள் வைக்க முடியுமா என்று பாருங்கள். உட்காரும் முன்பு மாமியாருக்குச் சிறுநீர் கழிக்க உதவி செய்துவிட்டு, பக்கத்தில் பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துவிட்டு, "அம்மா, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பாதி நேரம் அவர் தட்டுவது தண்ணீருக்காக இருக்காது, யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக இருக்கும். அப்படியும் தட்டினால் எழுந்து போங்கள், போகிற வழியில் உங்கள் காலடியைக் கவனித்துக்கொண்டே போங்கள், அதுவும் பயிற்சிதான்.

அப்புறம், தூக்கம். மூன்றரைக்கு எழுகிறவர் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? லிண்டால், பிரிட்டன் என்ற ஆய்வாளர்களும் அவர்கள் குழுவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தியானிகள் பலரைப் பேட்டி கண்டபோது, பரவசத்தோடு தூக்கமின்மை, பயம், எரிச்சல் எல்லாம் சேர்ந்தே வந்திருந்தன. தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சும் யோசனையும் வேகமெடுத்து, தனக்கு ஏதோ விசேஷ சக்தி வந்துவிட்டது போலத் தோன்றினால் தியானத்தை நிறுத்திவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். நீல ஒளி கண் திறந்திருக்கும்போதும் மின்னினால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால், மத்தியான அமர்வை மட்டும் இப்போதே விட்டுவிட்டு அந்த நேரத்தில் படுத்துத் தூங்குங்கள்.