‘ஓடிப்போகும்’ தகப்பன்

கேள்வி: ஆப்பிரிக்கக் குடும்பங்களில் தகப்பன்மார் பொறுப்போடு குழந்தை வளர்ப்பில் ஈடுபட வேண்டும் என்று அங்கே பல அமைப்புகள் பிரசாரம் செய்வதாகப் படித்தேன். ஓடிப்போகும் தகப்பன்களைப் பிரசாரத்தால் திருத்த முடியுமா? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கேள்வியில் ‘ஓடிப்போகும்’ என்ற ஒரு சொல்லைத் தாண்டி என்னால் மேலே செல்ல முடியவில்லை, ஆகையால் பிரசாரத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். ஆப்பிரிக்கா என்பது 50க்கும் மேற்பட்ட நாடுகள். கெய்ரோவில் இருக்கும் தகப்பனையும் கேப்டவுனில் இருக்கும் தகப்பனையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பது முறையாகாது என்பதால், உங்கள் சொல்லுக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் தென்னாப்பிரிக்காவையே எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்டில் பெற்ற தகப்பனோடு ஒரே வீட்டில் வாழும் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இந்த எண்ணை வைத்துக்கொண்டு அங்குள்ள ஆண்களின் குணத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள், அந்த ஆண்கள் வீட்டைவிட்டு முதன்முதலில் எப்போது கிளம்பினார்கள், அவர்களைக் கிளப்பியது யார் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, ஆங்கிலேயர் ஆண்ட நேட்டால் காலனியில் 1849இல் குடிசை வரி வந்தது. குடிசை ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ஷில்லிங். மாடும் சோளமும் வைத்திருந்த, அந்த மண்ணின் மக்களான ஜூலு இனக் குடும்பத்துக்கு ஷில்லிங் எங்கிருந்து வரும்? வெள்ளையரிடம் கூலிக்குப் போனால் வரும். ஆங்கிலேயரின் மற்றொரு காலனியான கேப் காலனியில் செசில் ரோட்ஸ் பிரதமராக இருந்து 1894இல் கொண்டுவந்த கிளென் கிரே சட்டம் அந்த நோக்கத்தை மறைக்கவே இல்லை; வெளியூர் வேலைக்குப் போகாத ஆண்கள்மேல் அது 10 ஷில்லிங் வரி விதித்தது. 1905இல் நேட்டால் அரசு 1 பவுன் தலைவரி போட்டபோது, அடுத்த ஆண்டே பம்பாதா என்ற தலைவரின் கீழ் கிளர்ச்சி வெடித்து, ஆயிரக்கணக்கான ஜூலுக்கள் கொல்லப்பட்டார்கள். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை என்றது. இதே நேட்டாலில்தான் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத நம்மவர்மேல் 1895இல் 3 பவுன் வரி சுமத்தப்பட்டது. அதை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914இல் உயிர் நீத்ததை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஜூலு தகப்பனை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்ததும் அதே அரசின் அதே வழிதான்.

அப்படிக் கிளம்பியவர்களில் பெருந்தொகையானோர் போய்ச் சேர்ந்த இடம் ஜொகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள். அங்கே சுரங்க முதலாளிகள் கட்டிய ‘காம்பவுண்டு’ விடுதிகளில் ஆண்கள் மட்டுமே தங்கலாம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை மனைவி மக்களோடு வாழ வழி கிடையாது. நிறவெறி ஆட்சியில் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளரில் 3 விழுக்காட்டினருக்குமேல் குடும்பத்தோடு தங்க இடம் தரக் கூடாது என்று வரையறையே இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதி பெறாத கறுப்பினத்தவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்குமேல் இருந்தால் குற்றம். கணவனைப் பார்க்கக் கைக்குழந்தையோடு வந்த மனைவிக்கும் அந்த 72 மணி நேரம்தான். அனுமதிச் சீட்டு முறை 1986இல்தான் ஒழிந்தது. கூலியோ, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 1911இல் இருந்ததைவிட 1969இல் கூடியிருக்கவில்லை. ஊரில் மனைவி பயிர்செய்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொள்வாள் என்ற கணக்கில் கொடுக்கப்பட்ட ஒற்றை ஆளின் கூலி அது. இத்தனைக்கும் பிறகு ஊர் திரும்பிய பலரின் நுரையீரலில் பாறைத்தூசி படிந்திருந்தது. அந்த சிலிகோசிஸ் நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சுரங்க நிறுவனங்கள் ஏறத்தாழ 500 கோடி ராண்ட் (அந்நாட்டு நாணயம்) இழப்பீடு தர ஒப்புக்கொண்டது 2018இல்.

தகப்பன் என்பவர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து போகும் ஒருவர் என்று மட்டுமே அறிந்து இரண்டு மூன்று தலைமுறைகள் வளர்ந்தன. குழந்தையைக் குளிப்பாட்டும் ஒரு தகப்பனை அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்துக் கற்றிருப்பார்கள்?

இந்த இடத்தில் ஜூலு மொழியின் உறவுப் பெயர்களைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ‘உபாபா’ என்றால் அப்பா. அப்பாவின் தம்பிக்கும் ‘உபாபா’தான், கூடவே ‘சின்ன’ என்று பொருள்படும் அடைமொழி சேரும். நம் சித்தப்பாவேதான். தாயின் உடன்பிறந்தவரை ‘உமலுமே’ என்பார்கள். அந்தச் சொல்லைப் பிரித்தால் ‘ஆண் தாய்’ என்று பொருள் வரும். தாய்மாமனுக்கு இதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை. பெற்றவன் சுரங்கத்தில் கிடந்த காலத்தில் சித்தப்பன்மாரும் ஆண் தாய்மாரும் தாத்தாக்களும்தான் அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பன்களாக நின்றார்கள். பெற்றவன் கூரைக்குக் கீழ் இருக்கிறானா என்று மட்டும் பார்க்கும் கணக்கெடுப்புப் படிவத்தில் இவர்களுக்கு இடமில்லை.

இன்று சட்டத் தடைகள் நீங்கிவிட்டனவே, பிறகும் ஏன் என்று கேட்பீர்கள். அங்கே வேலையின்மை 30 விழுக்காட்டுக்கும் மேல். இளைஞர்களிடையே அது இன்னும் மோசம். இந்த நிலையில் ‘இன்ஹ்லவுலோ’ என்ற வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். மணமாகாத பெண் கருவுற்றால், அவள் வீட்டுப் பெரியவர்கள் இளைஞனின் வீட்டுக்குச் சென்று செய்தியைச் சொல்வார்கள். அவன் ஒப்புக்கொண்டால், பெண் வீட்டாருக்கு நேர்ந்த மானக்குறைவுக்கு ஈடாக மாடோ பணமோ கொடுக்க வேண்டும். இது மணத்துக்காகக் கொடுக்கும் ‘லோபோலா’ அன்று, அதற்கு முந்திய தனிக்கடன். இந்த வழக்கத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். பிறக்கப்போகும் பிள்ளை யாருடையது என்பதை இரு குடும்பங்களும் பெரியவர்கள் முன்னிலையில் உட்கார்ந்து பேசி ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. பெண்ணைத் தனியே தவிக்க விடாத ஏற்பாடு. ஆனால் வேலையில்லாத இருபது வயது இளைஞனிடம் மாட்டுக்கு ஈடான தொகை ஏது? தொகை கட்டாதவரை குழந்தை தாய்வீட்டுக் குலப்பெயரைத் தாங்கும். முன்னோர்க்கு அறிமுகப்படுத்த ஆடு வெட்டும் ‘இம்பெலெகோ’ சடங்கும் தாய்வழி முன்னோரின் பேரிலேயே நடக்கும். சில வீடுகளில் அவன் வாங்கி வரும் பால்மாவு உள்ளே போகும், அவன் போக முடியாது. வெறுங்கையோடு வாசலில் நின்று திரும்புகிற அவமானத்தைச் சிலமுறை பட்டவன் ஒருநாள் வராமலே இருந்துவிடுகிறான். அன்று முதல் ஊர் அவனை ஓடிப்போனவன் என்கிறது. தகப்பன் என்றால் பணம் கொடுப்பவன் என்று குடிசை வரிக் காலம் எழுதிவைத்த பொருளே இன்றும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. தவணையில் கட்டட்டும், அதுவரை பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும் என்று இசைகிற பாட்டிமாரும் உண்டு. இந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதில் அவர்களுடையது.

சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், மணமாகாத தகப்பனுக்கும் முழு உரிமையும் பொறுப்பும் கிடைக்க வழி செய்ததோடு, வழக்கப்படி ஈடு செலுத்துவதையும் அவன் தகப்பன் என்பதற்கான சான்றுகளுள் ஒன்றாக ஏற்றது. மணமாகாத தகப்பனின் குடும்பப் பெயரில் பிறப்பைப் பதிவதற்கு இருந்த தடையை அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் நீக்கியது. 2020 முதல் தகப்பனுக்கு 10 நாள் விடுப்பு கிடைத்தது. 2025 அக்டோபரில் அதே நீதிமன்றம், நான்கு மாதமும் 10 நாளும் கொண்ட விடுப்பைப் பெற்றோர் இருவரும் தமக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிலையான வேலை இருப்பவனுக்கே அதன் பயன் எட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனிப் பிரசாரம். ‘குழந்தை வளர்ப்பில் மனைவிக்கு உதவுகிறார்’ என்ற தொடரோடு இந்தப் பக்கத்தில் நான் பல ஆண்டுகளாகச் சண்டையிட்டு வருகிறேன். தன் குழந்தையைத் தூக்குவது யாருக்கும் செய்யும் உதவி ஆகாது. ஆப்பிரிக்க ஆண்களுக்கு இது புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியது என்று நினைப்பவர்களுக்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஆக்கா மக்களை நினைவூட்டுகிறேன். மானுடவியலாளர் பேரி ஹியூலெட் அவர்களோடு தங்கி நேரம் குறித்துப் பார்த்தபோது, கைக்குழந்தைகளின் தகப்பன்மார் நாளின் 47 விழுக்காடு நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டோ கையெட்டும் தொலைவிலோ இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பிரசாரத் தட்டி எழுதி வைக்கவில்லை.

ஆனாலும் முறையாகச் செய்தால் பயிற்சி பலன் தரும் என்பதற்கு ருவாண்டா சான்று. அங்கே ‘பண்டெபெரெஹோ’, அதாவது முன்மாதிரி, என்ற திட்டத்தில் தகப்பன்களும் தகப்பனாகப் போகிறவர்களும் 15 முறை கூடி உட்கார்ந்து, பிரசவம், குழந்தை, வீட்டு வேலை, கோபம் எல்லாவற்றையும் பேசினார்கள். அவற்றுள் 8 கூட்டங்களுக்கு மனைவியரும் வந்தார்கள். 21 மாதங்களுக்குப் பின் விசாரித்தபோது, முந்தைய ஓராண்டில் கணவன் அடித்ததாகச் சொன்ன பெண்கள், பங்கேற்காத குடும்பங்களில் 57 விழுக்காடு, பங்கேற்றவற்றில் 33 விழுக்காடு. இந்த 33ஐக் கண்டு நான் மகிழ்ந்துவிடவில்லை. அடிக்கிற தகப்பனை வீட்டில் வைத்திருப்பதைவிட அவன் இல்லாதிருப்பதே பிள்ளைக்கு நல்லது. சம்பாதித்தும் பிள்ளைக்குப் பணம் தராமல் ஒளிகிறவனின் சம்பளத்தைப் பிடித்தம் செய்து வாங்கத் தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. அவனுக்காக நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாசலில் நிற்பவனுக்காகவே இவ்வளவும் எழுதினேன்.

தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகள் பலவற்றில், பிரசவ அறையில் படுக்கைகளுக்கிடையே மறைப்பு இல்லாததால், மற்றப் பெண்களின் மானம் கருதித் தகப்பனை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். காரணம் நியாயமானது. பொறுப்புள்ள தகப்பனாக இரு என்று சுவரில் எழுதப் பணம் வைத்திருப்பவர்கள், முதலில் அந்தப் படுக்கைகளுக்கு நடுவே திரைச்சீலை வாங்கிக் கட்டட்டும்.