பாக்கிப் பணத்துக்காக உடலைப் பிடித்து வைக்க மருத்துவமனைக்கு உரிமை உண்டா?

கேள்வி: என் தந்தை விவசாயக் கூலி, வயது 58. சில மாதங்களாக நடந்தாலே நெஞ்சுவலி வருகிறது. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லியும் வர மறுக்கிறார். சென்ற ஆண்டு பெரியப்பா ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தபோது, பாக்கியைக் கட்டும்வரை உடலைத் தரவில்லை. பெரியம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் வாங்கி வந்தோம். "அந்தக் கதி உங்களுக்கு வேண்டாம்" என்கிறார் அப்பா. காப்பீட்டு அட்டையும் இல்லை. முன்பணம் கட்டாவிட்டால் சிகிச்சையை மறுக்கலாமா? உடலைப் பிடித்து வைக்கலாமா?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சட்டத்துக்கு முன்பு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையை இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த ஊர்திக்குக் கட்டணம் கிடையாது.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதய சிகிச்சைகளும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தில் பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போக இந்த அட்டை தேவையில்லை என்பதால், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முன்பணம் பற்றிய கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில் விடை சொல்லிவிட்டது: உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு உடனடியாகச் சிகிச்சை அளிப்பது, அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், ஒவ்வொருவரின் கடமை. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை மேற்கு வங்கத்தில் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்ப, அவர் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-இல் அவ்வழக்கில், அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்ட அதே நீதிமன்றம், நிதியில்லை என்ற காரணத்தால் அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் கூறியது. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தனியார் மருத்துவமனை அவசர சிகிச்சை அளித்து, உயிரைக் காத்து, பாதுகாப்பாக வேறிடம் அனுப்பக் கடமைப்பட்டதே தவிர, முழுச் சிகிச்சையையும் இலவசமாகத் தரக் கடமைப்பட்டதல்ல.

உங்கள் தந்தையின் அச்சத்துக்கு வேர் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. மருத்துவமனைப் பாக்கி என்பது ஒரு கடன். அதை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அதற்கு ஈடாக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கும் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. குணமான நோயாளியை வெளியே விடாமல் தடுத்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்படி சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றமாகும். இறந்தவரின் உடலுக்கும் உரிய கண்ணியம் உண்டு என்பதை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இனி அப்படி நேர்ந்தால் அங்கிருந்தபடியே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் தெரிவியுங்கள். துக்க வீட்டில் நகையைக் கழற்ற வைப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

பெரியப்பாவின் விஷயமும் முடிந்துபோனதல்ல. நிகழ்வு நடந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பெரியம்மா மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. மருத்துவப் பதிவேடுகளின் நகலை மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பணம் கட்டிய ரசீதுகளையும், உடலைப் பெற்றுக்கொண்ட நேரம் குறித்த தாள் ஏதேனும் இருந்தால் அதையும், நகை அடகுச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். இறப்பு நேரத்துக்கும் உடல் கைக்கு வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும், அந்த இடைவெளியில் அடகு வைக்கப்பட்டதையும் காட்ட இந்தத் தாள்களே சான்றாகும்.