சிங்கப்பூர் அரசியலமைப்பை யார் எழுதியது?

இந்தியாவைப் போல அரசியல் நிர்ணய சபை வைத்து எழுதினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இங்கே அப்படி ஒரு சபை கூடவே இல்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தபோது கையில் இருந்தது, 1963-இல் மலேசியாவில் சேர்ந்தபோது கிடைத்த மாநில அரசியலமைப்பு மட்டும்தான். நாடாளுமன்றம் டிசம்பரில்தான் கூடியது. 22ஆம் தேதி இரண்டு சட்டங்களை நிறைவேற்றி, இரண்டும் ஆகஸ்ட் 9 முதலே செல்லும் என்று முன்தேதி போட்டுவிட்டார்கள்.

ஒன்று மாநில அரசியலமைப்பைத் திருத்தியது: யாங் டி பெர்த்துவான் நெகாரா (அதுவரை சிங்கப்பூரின் தலைவர் பதவிக்கு இருந்த மலாய்ப் பெயர்) அதிபரானார், இனிமேல் திருத்துவதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றானது. (மூன்றில் இரண்டு பங்கு விதி 1979-இல்தான் திரும்ப வந்தது, எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.) இன்னொன்று சிங்கப்பூர் குடியரசு சுதந்திரச் சட்டம். அடிப்படை உரிமைகளை மலேசியக் கூட்டரசின் அரசியலமைப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, சொத்துரிமைப் பிரிவை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், பொதுத் தேவைக்கு நிலம் எடுக்க வேண்டியிருந்ததே! தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் 1966-இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான ஆணையம் சிறுபான்மையினர் உரிமைகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அரசு சிலவற்றை ஏற்றது, சிலவற்றைத் தள்ளியது. சிதறிக் கிடந்த இதெல்லாம் ஒரே ஆவணமாக அச்சானது 1980-இல்.