அப்பா கேட்டதற்குப் பதில் உங்கள் வயலிலேயே இருக்கிறது

தம்பி, மன்னார்குடியில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப்போகிறீர்கள். மரபணு வெளிப்பாட்டில், அதாவது மரபணுக்கள் எப்போது இயங்கும், எப்போது அடங்கும் என்பதில், முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. அப்பாவோ "இதனால நம்ம வயலுக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறார். இதுதானே சிக்கல்?

சி.ஆர். 1009 நெல் ரகத்தை வைத்தே பேசுங்கள். சம்பாப் பயிர் மூழ்கினால், பயிர் தானே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். சாதாரண ரகம் உடனே தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்க வளர்ந்து, இருப்பில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்று தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாய்ந்து அழுகும். சி.ஆர். 1009-இன் மேம்பட்ட வடிவமான சி.ஆர். 1009 சப்1 ரகத்தில் அதே எத்திலீன் சப்1ஏ என்ற மரபணுவை முடுக்கிவிடுகிறது. அது வளர்ச்சியை அடக்கிப் பயிரைத் தூங்கவைக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். 2006-இல் கண்டறிந்த மரபணு இது, எஃப்.ஆர்.13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து வந்தது. எந்த மரபணு எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதுதானே உங்கள் பாடமே!

சரி, பிழைப்பு. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் வீட்டில் காசு கேட்க வேண்டியிராது. பொறுமைதான் அதிகம் செலவாகும். முதல் வருஷம் நான் இலையிலிருந்து எடுத்த ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு), அதைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் பளிச்சென்ற பட்டைகளாக வராமல், சிதைந்துபோய் மையை விரலால் தேய்த்தது போலவே வரும். நான்கு மாதம் இப்படியே போனது. காரணம், கையுறையோடு கைபேசியைத் தொட்டுவிட்டு, அதில் ஒட்டியிருந்த, ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியோடு அப்படியே ஆர்என்ஏ இருந்த சோதனைக் குழாயைத் திறந்திருக்கிறேன்!

அப்புறம், ஆய்வு வழிகாட்டியை முடிவுசெய்யும் முன் அவரிடம் மூன்றாம் வருஷத்தில் இருக்கும் ஒருவரோடு தனியாக ஒரு டீ சாப்பிட்டுப் பேசிவிடுங்கள்.