சிகாகோ பக்கம் குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகு பார்க்க எங்கே போகலாம், தொந்தரவு தராமல் பார்ப்பது எப்படி?

ஜனவரியில் நல்ல குளிர் அடித்து ஆறு உறைந்த வாரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். குளிர் லேசாக இருந்தால் எங்கும் மீன் கிடைக்கும், கழுகுகளும் சிதறிப்போயிருக்கும். மற்ற இடமெல்லாம் உறைந்தபிறகுதான் அணைகளுக்குக் கீழே கூடுகின்றன, ஏனென்றால் அங்கே தண்ணீர் புரண்டுகொண்டே இருப்பதால் பனி பிடிக்காது, அணையைத் தாண்டி வருகிற மீன்களில் அடிபட்டதும் மயங்கியதும் மேலே மிதக்கும்.

சிகாகோவுக்குக் கிட்டே என்றால் இல்லினாய் ஆற்றங்கரையில் ஸ்டார்வ்டு ராக் என்ற பூங்கா. அங்கே அணையை ஒட்டி இருக்கும் பிளம் தீவை 2004இல் இல்லினாய் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் கழுகுகளுக்காகவே வாங்கிவிட்டது, அதனால் எதிர்க்கரைப் பார்வையாளர் மையத்தில் நின்றாலே போதும். நான் அதிகம் போவது மிசிசிப்பி ஆற்றில், அயோவா மாநிலத்து லெக்லேர் ஊரை அடுத்த 14ஆம் எண் அணைக்கு. தூரம்தான், ஆனால் போகலாம். விடிந்ததும் போங்கள், அப்போதுதான் மீன் பிடிக்கும்.

சரி, தொந்தரவு. முடிந்தவரை காரைவிட்டு இறங்காதீர்கள். காரை அவ்வளவாகப் பொருட்படுத்தாத கழுகு, கதவைத் திறந்து ஆள் இறங்கினால் பறந்துவிடும். அந்தக் குளிரில் மணிக்கணக்கில் கிளையில் அசையாமல் இருப்பது உடம்புச் சூட்டையும் தெம்பையும் மிச்சம் பிடிக்கத்தான். பறக்கிற படம் வேண்டும் என்று ஹாரன் அடிக்கிற, கைதட்டுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவர்களுக்கு ஒரு படம், அதற்கு அன்றைக்குத் தின்ற மீன் வீண். கழுகு உங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிலைகொள்ளாமல் கத்தினால் அதற்குமேல் ஓர் அடியும் வைக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் அவை கூட்டமாக அடையும் மரங்கள் பக்கமும் போகாதீர்கள்.

உடம்பெல்லாம் பழுப்பாக இருப்பதைப் பருந்து என்று நினைத்துக் கிட்டே போகிறவர்கள் உண்டு. அதுவும் இதே கழுகில் இளசுதான், தலை வெளுக்கச் சுமார் ஐந்து வருஷம் ஆகும். வேட்டையில் இன்னும் கை தேறாதது, அதற்குத்தான் இன்னும் அதிக இடைவெளி தரவேண்டும்.

அப்புறம், கீழே இறகு கிடந்தால் எடுத்து வராதீர்கள். 1940இல் வந்த கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஓர் இறகு வைத்திருப்பதும் குற்றம், அபராதம் சிறியதில்லை.